பிரிக்க முடியாத சீஸ்

ஓர்வில் டோலெஃப்சனின் லாரியில் ஒரே ஒரு செடார் சீஸ் இருந்தது. எடை ஐம்பதாயிரம் பவுண்டு. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அதை உறைய வைக்க விஸ்கான்சினில் ஒரு நீச்சல் குளத்தையே காலி செய்திருந்தார்கள். நாலு மணிக்குள் மினசோட்டா கண்காட்சியில் முழுசாக இறக்க வேண்டும். வெட்டுப்பட்ட சீஸைப் போட்டியில் சேர்க்க மாட்டார்கள்.

எல்லை தாண்டியதும் எடை நிலையம். அதிகாரி லாவோன் பிரீபி திரையைப் பார்த்தாள்.

“முன் அச்சு பன்னிரண்டாயிரம், நடு ஜோடி முப்பத்துநாலு, பின்னால மூணும் சேர்ந்து நாப்பது. அச்சுக்கு அச்சு சுத்தம். மொத்தம்தான் எண்பத்தாறாயிரம். மத்திய அரசு சட்டம் எண்பதோட நிறுத்திடுதே, ஓர்வில்?”

“பெர்மிட் இருக்கு மேடம். எங்க மாநிலத்துக்கு ஒண்ணு, உங்க மாநிலத்துக்கு ஒண்ணு.”

வாசித்தாள். புருவம் ஏறியது. “இது பிரிக்க முடியாத சரக்குக்குக் குடுக்கிற பெர்மிட். நீங்க என்ன எழுதியிருக்கீங்க? ‘சீஸ் ஒன்று. நாற்பதாயிரம் பேர் சாப்பிடலாம்.’ அப்போ நாற்பதாயிரம் துண்டு போடலாம்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க!”

“அது ஒரு பெருமைக்கு எழுதினது மேடம்.”

“பெருமையையும் சேர்த்துத்தான் எடை போடுவோம். அதிகமா இருக்கிறதை வெட்டி இறக்குங்க.”

மணி ஒன்று. ஓர்வில் மடக்கினான்.

“பிரிக்க எட்டு மணி நேரத்துக்கு மேல ஆனா, அது பிரிக்க முடியாத சரக்குதான்னு சட்டத்துல இருக்கே! ஒரு துண்டு எடுக்கிறேன், கடிகாரத்தைப் பாருங்க.”

சீஸ் நடுவர்கள் வைத்திருக்கும் குழல் கரண்டியை எடுத்தான். அதைச் செருகித் திருகினால் விரல் தடிமனுக்கு ஒரு குச்சி வரும். நுனியைக் கடித்துப் பார்த்துவிட்டு மீதியை ஓட்டையிலேயே செருகி மூடிவிடுவார்கள். அது வெட்டு என்று கணக்கில்லை. ஆனால் இது முற்றிய சீஸ். காலை உதைத்துக்கொண்டு இழுத்ததில் குச்சி வெளியே வரப் பதினோரு நிமிடம் ஆனது.

லாவோன் முழுக் குச்சியையும் வாயில் போட்டுக்கொண்டாள்.

“மேடம், மீதியைத் திருப்பி...”

“உஷ்! கணக்குப் போடறேன்.” கண்ணை மூடி மென்றாள். “நாற்பதாயிரம் துண்டு, துண்டுக்குப் பதினோரு நிமிஷம். மொத்தம் ஏழாயிரத்து முந்நூறு மணி நேரம். பிரிக்கவே முடியாது. ஆனா ஒரு சாட்சி போதாது. டேய் வெண்டல், ஆபீஸ்ல இருக்கிற எல்லாரையும் கூப்பிடு!”

ஒன்பது பேர் வந்தார்கள். ஒன்பது பேரும் சட்டத்தை நன்றாக மென்று பரிசோதித்தார்கள். ஒருவரும் மீதி வைக்கவில்லை.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஓர்வில் கண்காட்சிக்குள் நுழைந்தான். நடுவர் பத்து ஓட்டைகளையும் சுற்றி வந்து பார்த்தார்.

“செடார்னு பதிஞ்சிருக்கீங்க. ஓட்டை இருந்தா அது சுவிஸ் சீஸ் இல்லையா?”

வெட்டுப்பட்டது என்று அவர் சொல்வதற்குள் ஓர்வில் தலையாட்டிவிட்டான்.

சுவிஸ் பிரிவில் இரண்டாம் பரிசு கிடைத்தது. ஓட்டைகள் எல்லாம் ஒரே அளவாக இருப்பது இயற்கையாக இல்லை என்று நடுவர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்.