அக்காவின் கண்ணும் தம்பியின் கண்ணும்

தஞ்சாவூர்க் கண் ஆஸ்பத்திரிக்குக் காயாரோகணம் வந்தது அக்காவுக்குத் துணையாகத்தான். பூம்புகாரில் மீன் விற்கும் தையல்நாயகிக்கு, ஊரில் நடந்த கண் முகாமில், இருபத்தொன்றுக்குள் இருக்க வேண்டிய கண் அழுத்தம் இருபத்தாறு என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவர்களுடைய அப்பாவின் பார்வையைப் பறித்ததும் கண் அழுத்தம்தான்.

"எனக்கும் அப்பா மாதிரி ஆயிடுமாடா?" பஸ்ஸில் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"சும்மா இரேன்க்கா. டாக்டர் பாக்கட்டும்."

சொன்னானே தவிர, அவன் நினைப்பும் அப்பாவிடமே இருந்தது. அவருக்கு நேரே தூரத்தில் வரும் படகு தெரியும். பக்கத்தில் கிடக்கும் வலை தெரியாது. தடுக்கி விழுவார். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கியதை யாரும் கவனிக்கவில்லை, அவரே கவனிக்கவில்லை. கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகும் விடிந்ததும் கரைக்கு வந்துவிடுவார். அக்கா ஒரு கை, இவன் ஒரு கை பிடித்திருப்பார்கள். மற்றவர்கள் வலையை உதறும்போது விழும் மீனைப் பார்த்து அவள் "மத்திப்பா!" என்பாள், இவன் "சங்கராப்பா!" என்று கத்துவான். யார் முதலில் சொன்னது என்று சண்டை வரும். "ரெண்டு பக்கமும் எனக்குக் கண்ணு இருக்கு" என்று அப்பா சிரிப்பார். ஐம்பது தாண்டிய இந்த வயதிலும் அந்தக் காலைகள் அவனுக்கு மறக்கவில்லை.

டாக்டர் சுடர்விழி அக்காவைப் பார்த்து முடித்துவிட்டு, "அப்பாவுக்கு இருந்திருக்குன்னா நீங்களும் பாத்துடுங்க" என்று அவனையும் உட்கார வைத்தார். அழுத்தம் பார்த்தார்கள். பேனா போன்ற கருவியால் கருவிழியைத் தொட்டு அதன் தடிமனை அளந்தார்கள். ஓரப் பார்வையைச் சோதிக்க, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அவனுடைய அழுத்தம் பதினெட்டுதான். நிம்மதியாகச் சிரித்தான்.

"அம்மா, உங்க கருவிழி நல்ல தடிமன்" என்றார் டாக்டர். "அதை அமுக்கித்தான் அழுத்தத்தை அளக்கிறோம். தடிமனா இருந்தா கூடுதலாக் காட்டும். கண் நரம்பு நல்லா இருக்கு. இப்ப மருந்து வேணாம், அப்பப்ப வந்து காட்டுங்க."

பிறகு அவனிடம் திரும்பினார். "உங்களுக்குக் கருவிழி ரொம்ப மெலிசுங்க. பதினெட்டுன்னு காட்டினாலும் உள்ள அதைவிட அதிகமா இருக்கலாம். நரம்பு தேய ஆரம்பிச்சிருக்கு. ஓரப் பார்வையும் கொஞ்சம் போயிருக்கு."

"எனக்கு எல்லாம் தெரியுதே, டாக்டர்!"

"இந்த நோய் அப்படித்தான். போனது திரும்பாது. இருக்கறதைக் காப்பாத்தலாம். தினமும் சொட்டு மருந்து போடணும்."

தையல்நாயகி அழுதுவிட்டாள். தனக்கு ஒன்றுமில்லை என்பது அவள் காதில் ஏறவே இல்லை. "அப்பாவுக்கு அன்னைக்கு இதைச் சொல்ல ஆளில்லையே" என்றாள்.

அன்றிலிருந்து பொழுது சாய்ந்ததும் தம்பி வீட்டுக்கு வந்து, "சிமிட்டாதடா" என்று அதட்டி அவளே மருந்தை விட்டாள். அது ஊறும்வரை அவன் கண்ணை மூடியிருக்க, அப்பா வாங்கித் தந்த நுங்கு, புயலில் போன படகு என்று பேச்சு நீளும்.

சில மாதம் கழித்து மறுபடி காட்டியபோது அவனுடைய அழுத்தம் பன்னிரண்டுக்கு இறங்கியிருந்தது. பார்வை மேலும் குறையவில்லை. வழக்கம்போல மீன்பிடிக்கக் கடலுக்குப் போகலாம் என்றார் டாக்டர்.

"நானே போட்டுக்கப் பழகிட்டேன்க்கா. நீ அலைய வேணாம்."

"அலையலடா. உங்கூடப் பேசத்தான் வர்றேன். படு" என்றாள் அவள்.