இருநூற்று நாற்பது சதுர அடி

1.

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு கூட்டத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் வீட்டுக்குப் போய் எழுத உட்காருகிறார்கள்.

கூட்டம் எங்கள் ஊரின் புதுக் கட்டடம் பற்றியது. நகராட்சி அலுவலகம், காவல் நிலையம், தீயணைப்பு நிலையம் மூன்றும் ஒரே கூரையின்கீழ் வரப்போகின்றன. ஊர் மினசோட்டாவில் இருக்கிறது, பெயர் டெல்வெர். (வரைபடத்தில் தேட வேண்டாம், கிடைக்காது.) இங்கே பதினெட்டு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். நெடுமாறன் என்ற பெயரை ஊர் முதல் வாரத்திலேயே நெட் என்று சுருக்கிவிட்டது. கட்டடக் குழுவில் நான் எப்படி உறுப்பினர் ஆனேன் என்றால், அறிவிப்பை என் கடைக் கண்ணாடியில் ஒட்டினார்கள், நான் நின்று படித்துத் தொலைத்தேன்.

2.

முதல் தொடக்கம்: "பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு

வேண்டாம். இந்த ஊர்க் கதை என்றால் பனி இருக்கும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். அன்று மே மாதம். கொசுதான் இருந்தது.

இரண்டாவது தொடக்கம்: "பழைய நிலையத்துக்குள் தீயணைப்பு வண்டியை விட வேண்டுமானால் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் மடக்க வேண்டும்." இது உண்மை. காவல் நிலையம் கீழ்த்தளத்தில் இருப்பதும், பெருமழை வந்தால் கைதிகளை ஏற்றுவதற்கு முன்னால் கோப்புகளை மேலே ஏற்றுவதும் உண்மை. (கைதிகள் என்று பன்மையில் எழுதியது கதைக்காக. ஒருவர்தான். அவரும் எப்போதாவதுதான்.)

ஆனால் இதில் லோவெல் இல்லை. லோவெல் இல்லாமல் இந்தக் கதையும் இல்லை.

3.

லோவெல் டிங்வால் எங்கள் தீயணைப்புத் தலைவர். சம்பளம் கிடையாது, இங்கே எல்லோருமே தன்னார்வலர்கள். பிழைப்புக்கு டயர் கடை. தீ என்று இடுப்பில் பேஜர் அலறினால், ஜாக்கியில் தூக்கி வைத்த காரை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிற மனிதர்.

வியாழன் காலை ஏழு மணி. கட்டடக் கலைஞர் மான்சினி வரைபடத்தை விரித்தார். இருநூற்று நாற்பது சதுர அடி கூடிவிட்டதாம், ஏதாவது ஒன்று போக வேண்டுமாம். அவர் விரல் ஓர் அறையின்மேல் வந்து நின்றது. தீயணைப்பு முடிந்து வந்தவர்களின் கரி படிந்த உடைகளைத் துவைக்கும் அறை அது.

"லோவெல், இந்த ரூம் உங்களுக்குக் கண்டிப்பா வேணுமா?"

லோவெல் தொப்பியைக் கழற்றினார். திரும்பப் போட்டார்.

"இல்லேன்னாலும் ஓட்டிக்கலாம்."

"ரொம்ப நல்லதாப் போச்சு," என்று மான்சினி சிவப்புப் பேனாவால் அறையை அடித்தார்.

மேசையைச் சுற்றியிருந்த நாங்கள் எல்லோரும் அவரவர் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தோம்.

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் முதல் மறுப்பு என்பது வெறும் மரியாதை. காப்பி வேண்டுமா என்றால் வேண்டாம் என்பார்கள். மறுபடி கேட்டால், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பார்கள். மூன்றாவது தடவை கேட்டால், போட்டிருந்தா அரைக் கப் என்பார்கள், முழுக் கப்பும் குடிப்பார்கள். மூன்றாவது தடவையும் வேண்டாம் என்றுவிட்டால் அத்தோடு சரி, அதன்பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள். மான்சினி நியூ ஜெர்சிக்காரர். ஒரே ஒரு தடவை கேட்டார்.

(என் சொந்தக்காரர்களுக்கு இந்த விளக்கம் தேவையில்லை. மூன்றாவது தடவை அழைக்கவில்லை என்று ஒரு கல்யாணத்துக்கு வராமல், இன்றுவரை எங்களோடு பேசாத சித்தப்பா ஒருவர் எங்கள் வீட்டில் உண்டு.)

மேயர் ஆர்டிஸ் அம்மாள் அந்தச் சிவப்புக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். "இது கொஞ்சம் வித்தியாசமா இருக்கு," என்றார். டெல்வெரில் இதைவிடக் கடுமையாக யாரும் யாரையும் கண்டித்ததில்லை. மான்சினி மகிழ்ச்சியோடு நன்றி சொன்னார்.

4.

இந்த லோவெல் என்ன மனுஷன், வாயைத் திறந்து கேட்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அதனால் இப்படி எழுதிப் பார்த்தேன்:

"லோவெல் மேசையை ஓங்கிக் குத்தினார். 'என் ஆளுங்க உசுரு உங்களுக்கு

அடித்துவிட்டேன். அந்த மேசையைச் செய்து கொடுத்ததே லோவெல்தான். அதைக் குத்த மாட்டார்.

இனி, எனக்குத் தெரிந்தது. லோவெல் மாதாமாதம் என்னிடம் வாங்கும் மாத்திரை எந்த நோய்க்கு என்று மருந்துக்கடைக்காரனான எனக்குத் தெரியும். வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம். (மாத்திரை எது, நோய் எது என்று சொல்லவில்லை, அவர் பெயரையும் மாற்றிவிட்டேன். தமிழில் எழுதுவதும் அதற்காகத்தான். சுற்றுவட்டாரத்தில் இதைப் படிக்கக்கூடியவள் என் மனைவி ஒருத்திதான். அவள் என் கதைகளைப் படிப்பதில்லை.)

லோவெல் முப்பத்தொரு வருடம் நச்சு ஊறிய அந்தக் கரி உடைகளை வீட்டு இயந்திரத்தில் பிள்ளைகளின் துணியோடு போட்டுத் துவைத்தவர். நோய் அதனால்தான் வந்தது என்று எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை. அவர் அப்படித்தான் நம்புகிறார், ஒருநாள் கவுன்டரில் தாழ்ந்த குரலில் சொன்னார். போன வருடம் அவர் மகள் கிர்ஸ்டனும் தீயணைப்பில் சேர்ந்தாள். அப்பாவின் நோய் அவளுக்குத் தெரியாது. அவளுடைய தீயணைப்பு உடை காரின் பின்சீட்டில், அவளுடைய எட்டு மாதக் குழந்தையின் இருக்கைக்குப் பக்கத்தில் வீட்டுக்குப் போகிறது. அப்படிக் கொண்டுபோகாதே என்று லோவெல் சொன்னால், ஏன் என்று கேட்பாள்.

எனக்கு லோவெல்மேல் கோபம் வருகிறது. இதை எழுதும்போதும் வருகிறது.

5.

மறுநாள் மாத்திரை வாங்க வந்தபோது கேட்டேன்.

"லோவெல், அந்தத் துவைக்கிற ரூம். திரும்பப் போடச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்ப்பா நெட். உனக்கு எதுக்குச் சிரமம்? அதுக்கு இடம் வேணும்னா ஆர்டிஸோட மீட்டிங் ஹால்ல போய் கை வைக்கணும். அது நல்லாருக்காது."

எண்ணிக்கொள்ளுங்கள். இதோடு இரண்டு.

"சரி அப்போ," என்றார். இங்கே ஒருவர் சரி அப்போ என்றால் கிளம்ப இன்னும் கால்மணி நேரம் இருக்கிறது. கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசினார். சோளம், நெடுஞ்சாலைப் பள்ளம், யாரோ வாங்கிய படகு. பிறகு என்னைப் பார்க்காமல் கதவைப் பார்த்துச் சொன்னார்:

"நேத்து பாப்பா அவ அம்மாவோட ஃபயர் கோட்டுக் கைய வாயில வச்சுச் சப்பிட்டிருந்தா. கிர்ஸ்டனுக்கு ஒரே சிரிப்பு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நானும் சிரிச்சேன்."

மூன்றாவது தடவை அப்போதே கேட்டிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அவர் பேஜர் அலறியது, மருந்துப் பையைக்கூட எடுக்காமல் ஓடினார்.

(பேஜர் அலறவில்லை. அதை நான் சேர்த்தேன். கடை அமைதியாக இருந்தது, அவர் எனக்காக வெகுநேரம் காத்திருந்தார், நான் மாத்திரைகளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன். இன்னொரு சரி அப்போ சொல்லிவிட்டுப் போனார்.)

6.

முடிவு ஒன்று: நான் எழுந்து எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறேன். அறை கிடைக்கிறது. என் உரிமம் போகிறது, போனால் போகட்டும். தன் அப்பாவின் நோயை ஊர்க்கூட்டத்தில் மருந்துக்கடைக்காரன் வாயால் கேட்கும் கிர்ஸ்டனின் முகத்தைத்தான் எழுத முடியவில்லை.

முடிவு இரண்டு: மான்சினி தானாகவே உணர்ந்து திருந்துகிறார். எழுதி முடித்து நானே சிரித்துவிட்டேன்.

முடிவு மூன்று: அறை இல்லாமலேயே கட்டடத்தைத் திறக்கிறார்கள். எல்லோரும் கைதட்டுகிறார்கள், லோவெலும் தட்டுகிறார். இதை எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

7.

இன்று வியாழன். இறுதி வரைபடம் மேசையில் இருக்கிறது. பக்கத்தில் எலுமிச்சைக் கேக்கின் கடைசித் துண்டு. முழுதாக எடுக்க யாருக்கும் மனம் வராது, பாதியை வெட்டி எடுத்துப் பாதியை வைத்துவிடுவார்கள். இப்போது நகத்தளவு மிஞ்சியிருக்கிறது.

ஆர்டிஸ் அம்மாள், "வேற யாருக்காச்சும் ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்க்கிறார். மான்சினி பேனாவின் மூடியைத் திறக்கிறார்.

மூன்றாவது தடவை கேட்க வேண்டியவன் நான்தான், தெரியும். ஆனால் இந்தத் தடவையும் லோவெல் வேண்டாம் என்றுவிட்டால் முடிந்தது. என் குரல் இலேசாக நடுங்கினாலும் எனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிந்துவிடும். படிக்கிற உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. நீங்கள் கேளுங்கள். காப்பி வேண்டுமா என்று கேட்பதைப்போல, சாதாரணமாக: "லோவெல், அந்த ரூமப் போட்டுடலாமா?"

கேட்கும்போது சன்னல் பக்கம் பார்த்துவிடாதீர்கள். வெளியே கிர்ஸ்டன் குழந்தையோடு காரில் காத்திருக்கிறாள். கேட்டதும் அவர் தொப்பியைக் கழற்றுவார். அவராகப் பேசும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது, முக்கியமாக மான்சினி.

தொப்பி இப்போது அவர் கையில் இருக்கிறது.