ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வறீதுக்கு அடுப்படி எங்கே இருக்கிறதென்று தெரிந்துவிடும். அந்த வீட்டில் எந்நாளும் குடிப்பதற்குப் பதிமுகப் பட்டை போட்டுக் கொதித்த சிவப்புத் தண்ணீர்தான். மாத்திரைக்கு வெறும் தண்ணீர்தான் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், தானே கொதிக்கவைத்து ஆற்றி, செத்துப்போன அண்ணனின் மனைவி கத்ரீனா சேடத்தியிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை. விழுங்கியபின் அரைமணி நேரம் படுக்கக்கூடாது, குனியக்கூடாது, எதுவும் சாப்பிடக்கூடாது. மாத்திரை எதுக்களித்து வந்து நெஞ்சுக்குழியைப் புண்ணாக்கிவிடுமாம். சேடத்தி தூங்கி விழாமலிருக்க எதிரே உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்தபடி கதை பேசுவார்.

சிரிப்புச் சத்தம் அடுப்படிவரை வரும். வறீதின் மனைவி ரோசிலி அப்பத்தைக் கருகவிடுவாள். முப்பத்தாறு வருஷத்தில் தன்னெதிரே அந்த மனுஷன் அஞ்சு நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததுண்டா? அவளுக்கு வயிறு எரிந்தது. எழுபது வயதுக் கிழவிமேல் என்னடி பொறாமை என்று யாராவது கேட்டால் கேட்கட்டும்! தனக்கும் எலும்பு தேய்ந்திருக்காதா என்று ஆசையாக ஸ்கேன்கூட எடுத்துப் பார்த்தாள். இரும்பு மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டார் டாக்டர். பாழாய்ப்போன எலும்பு!

அந்தச் சமயத்தில்தான் கத்ரீனாவுக்குக் கடைவாய்ப் பல் ஆடியது. ரோசிலிதான் கூட்டிப்போனாள். பிடுங்குவதற்கு முன் பல் டாக்டர் பெண், "என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க அம்மச்சி?" என்று கேட்டாள்.

"பிரஷருக்கு ஒண்ணு. அவ்வளவுதான் மோளே." தினமும் விழுங்குவது மட்டும்தான் கத்ரீனாவுக்கு மாத்திரை.

ரோசிலி வாயைத் திறந்தாள். நல்லெண்ணமெல்லாம் ஒன்றுமில்லை, எப்படியாவது அந்த ஞாயிற்றுக்கிழமை தொலைந்தால் சரி என்றிருந்தது. "ஞாயித்துக்கிழம ஒண்ணு முழுங்கறீங்களே சேடத்தி, அதச் சொல்ல வேண்டாமா? நாலு வருஷமா எலும்புக்கு."

டாக்டர் இடுக்கியைக் கீழே வைத்தாள். "நல்லவேளை சொன்னீங்க. அந்த மாத்திர சாப்பிடறவங்களுக்கு எப்பவாச்சும் பல் பிடுங்கின இடம் ஆறாம தாடை எலும்பே கெட்டுப்போகும். இப்ப பிடுங்க வேண்டாம். எலும்பு டாக்டர்கிட்ட நான் பேசறேன். அதுவரைக்கும் நிறுத்தி வைங்க."

வீட்டுக்கு வந்ததும் கத்ரீனா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கூடப் பொறந்தவகூட இப்படிப் பாத்துக்க மாட்டா."

"எடி, நீ கெட்டிக்காரிடி" என்றார் வறீது. கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு, அதுவும் சேடத்தியை முன்னிட்டு.

அடுத்த ஞாயிறு ரோசிலி வெளுத்த முண்டு உடுத்தி, தட்டில் இரண்டு கிளாஸ் சாயாவோடு முன்னறைக்கு வந்தாள். கத்ரீனாவின் நாற்காலி காலியாக இருக்கும் என்று நினைப்பு.

இருவரும் அங்கேதான் இருந்தார்கள். கத்ரீனா நன்றாகச் சாய்ந்து, ஸ்டூலில் காலை நீட்டியிருந்தாள். "மாத்திர இல்லன்னாலும் முழிப்பு வந்துடுது ரோசிலி. சாயாவா? இனிமே குடிக்கலாமே!"

இரண்டு கிளாஸையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். காலித் தட்டோடு ரோசிலி நின்றாள். வறீது கதையைத் தொடர்ந்தார். இன்று அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.