மக்கீனின் பென்சில்

ஓய்வு பெற்று ஒன்பது வருடம் கழித்து சுவக்கின் அந்தப் பொலிஸ் நிலையத்துப் படியேறினார். அம்பிட்டியவிலிருந்து இரண்டு பஸ். கலஹா பஸ்ஸில் தேயிலை மணத்ததுமே, மொழிபெயர்ப்பாளராக இங்கே கழித்த இருபத்தாறு வருடமும் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

சார்ஜன் லக்ஸ்மன் கதிரையை இழுத்துப் போட்டார். அவருடையது அரைகுறைத் தமிழ்.

"வாங்க அங்கிள். இப்ப புது சர்க்குலர். வாக்குமூலம் தமிழ்ல வாசிக்கணும், கெமராவில எடுக்கணும். கெமரா வந்தது, வயர் வரல்ல. தமிழ் ஆள் ட்ரான்ஸ்பர் போனது, அதான் உங்களக் கூப்பிட்டது. நீங்க சைன் மட்டும் போடுங்க."

தாளின் அடியில் 'வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது' என்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது. மேலே சிங்களத்தில் முக்கால் பக்கம். எதிரே மர வாங்கில் உட்கார்ந்திருந்தவள் யோசப்பின், தோட்டத்து உரக் களஞ்சியத்தின் சாவிக்காரி. போன வாரம் பதினாறு மூட்டை உரம் காணாமல் போயிருந்தது. நான்கு மணிக்குள் அவளை நீதவான் முன் நிறுத்த வேண்டும். இந்தத் தாளோடு போனால் றிமாண்ட்தான்.

இதே மேசையில் அந்த நாளில் மக்கீன் சார்ஜன் முதலில் பென்சிலால்தான் எழுதுவார். சுவக்கின் வாசித்துக் காட்ட, சொன்னவரே அதைத் திரும்பச் சொல்ல வேண்டும். "இது ஒங்கட பேச்சா, எண்ட பேச்சா?" என்பார். இல்லையென்று தலையாட்டினால் அழிறப்பர். பேனை அதற்குப் பிறகுதான். பிளேன்ரீ ஆறிப்போகும், மக்கீன் அவசரப்பட மாட்டார். கதவுக்குப் பின்னால் பிரம்பும் இருந்தது. மக்கீன் லீவில் போன நாட்களில் அது வேலை செய்தது. சுவக்கின் அதையும் மறக்கவில்லை.

"மாத்தயா, பென்சில் இருக்கா?"

"ஐயோ அங்கிள், இன்னும் மக்கீன் இஸ்கூல்தானா!" சிரித்துக்கொண்டே தேடிக் கொடுத்தார்.

சுவக்கின் வாசித்தார். "'செவ்வாய்க்கிழமை பொழுதுபட்டதும் களஞ்சியத்தைத் திறந்தேன். உள்ளே தனியாக இருந்தேன்.' இப்ப நீங்க சொல்லுங்கம்மா."

"தொறந்தேங்க. செவ்வா தவறாம தொறப்பேன். உள்ள அந்தோனியார் படம் இருக்குல்ல? மெழுகுவத்தி ஏத்தி, செபம் சொல்லிட்டு பூட்டிருவேன். எங்கம்மா சாவி வச்சிருந்த காலத்துல இருந்து அப்படித்தான்."

"இத ஏம்மா சார்ஜன்கிட்ட சொல்லல?"

"தொறந்தியான்னாரு, தொறந்தேன்னேன். ஏன்னு கேக்கலியே ஐயா."

"மூட்ட?"

"அன்னைக்கு பதினாறும் இருந்துச்சுங்க. அதுல சாஞ்சுக்கிட்டுதான் செபமே சொன்னேன். மறுநாள் காலையில கந்தோர்ல ஆபீஸ்காரங்க சாவிய வாங்கிக்கிட்டாங்க. வெள்ளிக்கெழமதான் திருப்பித் தந்தாங்க. அப்ப தொறந்து பாத்தா ஒரு மூட்டயும் இல்ல."

சுவக்கின் சிங்களத்தில் சொல்லி முடித்ததும் லக்ஸ்மன் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டேகால்.

"போர்ம்ல எடம் இல்ல அங்கிள்."

"பின்பக்கம் வெறுமையாத்தானே கெடக்கு, மாத்தயா."

லக்ஸ்மனின் கையில் பென்சில் ஓடியது. சுவக்கின் வாசித்தார். "இது ஒங்க பேச்சா, இவரு பேச்சா?"

"என் பேச்சுதாங்க."

பிறகுதான் பேனை, பிறகுதான் சுவக்கினின் கையெழுத்து. லக்ஸ்மன் தொப்பியை எடுத்துக்கொண்டு, முதலில் தோட்டத்துக் கந்தோருக்கு விடு என்று ஜீப் சாரதியிடம் சொன்னார்.

பென்சிலைப் பழக்கதோஷத்தில் சட்டைப் பையில் போட்ட சுவக்கின், திரும்ப எடுத்துக் கெமராப் பெட்டியின் மேல் வைத்தார்.

ஜீப்பில் கால் வைத்த யோசப்பின் திரும்பினாள். "ஐயா, இன்னைக்கும் செவ்வாங்க. அந்தப் பக்கம் போனா ஒரு மெழுகுவத்தி ஏத்த விடுவாரான்னு கேளுங்களேன்."

ஒரு சொல்லும் விடாமல் சுவக்கின் அதையும் மொழிபெயர்த்தார்.