ஆணி டயர்

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மார்லிஸ் தன் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றினாள். வரவேற்பறையில், விரித்த செய்தித்தாளின் மேல், சைக்கிள் தலைகீழாக நின்றது. திங்கட்கிழமையிலிருந்து அங்கேதான் நிற்கிறது. அதற்கு ஓர் எட்டு தள்ளி, ஜன்னலோரக் கட்டிலில் அவள் கணவன் டுவெய்ன் கண்ணை மூடிப் படுத்திருந்தான்.

செயினை எடுத்துவிட்டபோது அவள் விரல்களெல்லாம் கறுப்பாயின.

"செயினைச் சின்னப் பல்சக்கரத்துக்கு மாத்தினியா?" கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

"மாத்தினேன்."

"சத்தம் கேக்கலையே."

"நீ தூங்கிட்டிருந்த."

"தூங்கல. செத்துக்கிட்டிருக்கேன். அது வேற."

"சரி, கொஞ்சம் சும்மா இருந்து செத்துக்கிட்டிரு. எனக்கு வேலை இருக்கு."

அவன் வாயோரம் லேசாக அசைந்தது. பேசினால் மூச்சு வாங்கியது. நேற்று முழுவதும் அவன் இவ்வளவு பேசவில்லை.

இலை கொட்டி முடிந்ததும் அந்த ஊரில் எல்லோரும் சைக்கிளைக் கராஜ் கூரையில் தொங்கவிட்டுவிடுவார்கள். டுவெய்னும் மார்லிஸும் தொங்கவிடுவதில்லை. தீவன ஆலைக்கு முன்னால் பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் உறைந்து, மேலே எறிந்த கூழாங்கல் உள்ளே போகாமல் நின்றால், அன்று டயர் மாற்றும் நாள். சாதா டயரைக் கழற்றிவிட்டு ஆணி டயர் மாட்ட வேண்டும். ரப்பர் முழுக்கச் சிறிய இரும்பு ஆணிகள் பதித்திருக்கும்; பனிக்கட்டியில் வழுக்காது. இரண்டு சைக்கிளுக்கும் டுவெய்ன்தான் மாட்டுவான். மார்லிஸ் பக்கத்தில் நின்று காப்பி குடித்துக்கொண்டே குறை சொல்வாள்.

அவர்கள் எங்கும் அவசரமாகப் போனதில்லை. ஆற்றோரம் ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடத்தில் இப்போது சைக்கிள் பாதை இருந்தது. இரண்டாவது பாலத்தருகே ஒரு பெஞ்சு. அங்கே உட்கார்ந்து ஃபிளாஸ்க் காப்பியும் ஆளுக்கொரு டோனட்டும் முடித்துவிட்டுத் திரும்பி வருவார்கள். அக்டோபரில் ஓக் இலைகள் சக்கரத்தடியில் நொறுங்கும். நவம்பரில் மூக்கு ஒழுகும், காது எரியும், பாதையில் இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருப்பார்கள். டுவெய்ன் முன்னால் போவான். வழியில் இருப்பதைப் பின்னால் வருகிறவளுக்குக் கத்திச் சொல்வான். பள்ளம். கண்ணாடி. கிளை. சைக்கிளில் சேர்ந்து போகிற எல்லோரும் இதைச் செய்வார்கள். டுவெய்ன் அதோடு நிறுத்த மாட்டான். வாத்து. நல்ல நாய். குண்டு அணில். யார் வீட்டுக் கொடியிலோ பெரிய உள்ளாடை. மார்லிஸ் சிரித்துக்கொண்டே அவன் முதுகைப் பார்த்து ஓட்டுவாள். இத்தனை வருஷத்தில் பாதையை அவள் தானாகப் பார்த்தது குறைவு.

ஆகஸ்டில் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். அக்டோபரில், போதும், இனி மருந்து வேண்டாம் என்று டுவெய்னே சொல்லிவிட்டான். வாடகைக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் வந்தது. சோபா கராஜுக்குப் போனது.

திங்கட்கிழமை காலை, தீவன ஆலைப் பக்கம் போய்ப் பார்த்து வரச் சொன்னான். போனாள். கல்லை எறிந்தாள். அது பனிக்கட்டியின் மேல் வழுக்கிக்கொண்டு போய் ஓரத்தில் நின்றது. வீட்டுக்கு வந்து, இன்னும் உறையவில்லை, கல் முங்கிவிட்டது என்றாள்.

டுவெய்ன் அவளைப் பார்த்தான். "பொய் சொல்றப்ப நீ கோட்டைக் கழட்ட மாட்ட," என்றான்.

அவள் கோட்டைக் கழற்றினாள்.

சைக்கிளை உள்ளே கொண்டுவா, இந்த வருஷம் நீ மாட்டு, நான் சொல்லித் தருகிறேன் என்றான். கடையில் கொடுத்தால் மாட்டித் தருவார்கள் என்றாள். கடைக்காரன் காற்றுக் குறைவாக அடிப்பான் என்றான். தான் இனிமேல் தனியாக எங்கும் போகப்போவதில்லை, எனவே டயரே வேண்டாம் என்றாள். அது உன் இஷ்டம், டயரை மட்டும் மாட்டிவை என்றான். அரை மணி நேரம் இப்படியே போனது. பிறகு அவள் செய்தித்தாளை விரித்தாள்.

முன் டயருக்கு ஒரு காலை முழுவதும் ஆனது. ஆணி டயர் விறைப்பானது. கடைசி ஒரு சாண் ரிம்முக்குள் இறங்க மறுக்கும். சோப்புத் தண்ணீர் தடவு, கட்டை விரலால் தள்ளு, நெம்புகிற லீவரைப் போடாதே, ட்யூப் கிழியும் என்று கட்டிலிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தான். இறங்கியபோது ஒரு சத்தம் கேட்டது. மார்லிஸ் வியர்த்துப் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"மோசமில்ல," என்றான் டுவெய்ன். அந்த ஊரில் அதற்கு மேல் யாரும் யாரையும் பாராட்டுவதில்லை.

அன்று மதியம் நர்ஸ் மாய் வந்தாள். நாக்கடியில் விடும் மருந்தின் அளவைக் கூட்டினாள். தலைகீழ் சைக்கிளைச் சுற்றி நடந்தாள். பிறகு சமையலறையில் கை கழுவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"சிலர் எதையாவது முடிச்சுட்டுப் போகணும்னு காத்திருப்பாங்க, மார்லிஸ். என் மாமனார் காருக்கு ஆயில் மாத்துற வரைக்கும் இருந்தாரு. மாத்தியாச்சுன்னு சொன்னோம். அன்னைக்கே போயிட்டாரு. இவரு எதுக்காவது காத்திருக்காரா?"

மார்லிஸ் கதவு வழியாக வரவேற்பறையைப் பார்த்தாள். முன்சக்கரத்தில் ஆணிகள் மின்னின. பின்சக்கரம் வழவழவென்று இருந்தது.

"தெரியலையே," என்றாள்.

அன்று மாலை டுவெய்ன் பின் டயர் எப்போது என்று கேட்டபோது கட்டை விரல் வலிக்கிறது என்று சொன்னாள். செவ்வாய்க்கிழமையும் வலித்தது. புதன்கிழமையும் வலித்தது.

செவ்வாய் இரவுச் சாப்பாட்டுக்கு மகள் கிர்ஸ்டன் ஃபார்கோவிலிருந்து காரோட்டி வந்து சேர்ந்தாள். ஒவ்வொரு தடவை அப்பாவிடம் போகும்போதும் பெடலில் முழங்காலை இடித்துக்கொண்டாள். இதைக் கராஜில் வைக்கலாமே என்றாள். மார்லிஸ் வேண்டாம் என்றாள். தேவாலயத்துப் பெண்கள் மூடிய பாத்திரங்களில் கோழியும் நூடுல்ஸும் கொண்டுவந்தார்கள். அவர்களும் சைக்கிளைச் சுற்றிக்கொண்டு போய் டுவெய்ன் கையைத் தொட்டுவிட்டு வந்தார்கள். அவன் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தான். திருப்பிப் படுக்க வைக்கும்போது பல்லைக் கடித்தான். மருந்து இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

புதன் மாலை கிர்ஸ்டன் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மார்லிஸ் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா என்கிட்ட, முடிஞ்சுதான்னு கேட்டார்," என்றாள் கிர்ஸ்டன். "எதுன்னு கேட்டேன். பின் டயர்னார். ஏம்மா, அதை மாட்டித் தொலைச்சாத்தான் என்ன?"

"விரல் வலிக்குது."

கிர்ஸ்டன் ஈரக் கையோடு அம்மாவின் கட்டை விரலைப் பிடித்து அழுத்தினாள். நன்றாகவே அழுத்தினாள். மார்லிஸின் முகம் மாறவில்லை. மாற வேண்டும் என்பது அவளுக்குத் தாமதமாகத்தான் நினைவுக்கு வந்தது.

கிர்ஸ்டன் விரலை விட்டாள். குழாயை மூடினாள்.

"அப்பாவுக்கு வலிக்குதும்மா," என்றாள்.

வியாழக்கிழமை காலை மார்லிஸ் எழுந்து, பல் தேய்த்து, ஏப்ரன் கட்டிக்கொண்டு, பின்சக்கரத்தைக் கழற்றினாள்.

பழைய டயர் சுலபமாக வந்தது. ஆணி டயரை எடுத்தாள். அதன் பக்கவாட்டில் ஓர் அம்புக்குறி உண்டு. சக்கரம் உருளும் திசையை அது காட்ட வேண்டும். திசை மாறினாலும் சைக்கிள் ஓடும். ஆனால் டுவெய்ன் அப்படி ஒருநாளும் விட்டதில்லை. சைக்கிள் தலைகீழாக நிற்கும்போது முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று யாரும் குழம்பலாம். மார்லிஸ் குழம்பவில்லை. டயரை ஒருமுறை கையில் திருப்பிப் பார்த்தாள். அம்பு பின்பக்கம் பார்க்கும்படி மாட்டினாள்.

சோப்புத் தண்ணீர் தடவினாள். தள்ளினாள். காற்று அடித்தாள். சக்கரத்தைச் சட்டத்தில் பொருத்தி, செயினை ஏற்றி, நட்டை இறுக்கினாள்.

"முடிஞ்சுது," என்றாள்.

டுவெய்ன் கண்ணைத் திறந்தான். தலையைத் திருப்ப அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"லைட்டப் போடு."

போட்டாள்.

"அம்பு எந்தப் பக்கம் பாக்குது?"

"முன்பக்கம்."

"கெட்டுப் போனது கணையம்தான், மார்லிஸ். கண்ணு இல்ல."

அவள் குனிந்து பார்ப்பதுபோல் பார்த்தாள். அட, ஆமாம், தலைகீழாக நிற்கிறதல்லவா, குழம்பிவிட்டேன் என்றாள். நாளைக் காலையில் கழற்றிச் சரியாக மாட்டுகிறேன், நீ சொல்லச் சொல்ல மாட்டுகிறேன், இன்றைக்கு ஓய்வெடு என்றாள். பேசிக்கொண்டே கருவிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள்.

அவள் டப்பாவை மூடும்வரை டுவெய்ன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முன்டயர் சரியா மாட்டின ஆளு நீ," என்றான்.

ஜன்னலுக்கு வெளியே பனி விழத் தொடங்கியிருந்தது. பொடிப் பனி, தரையில் படிவதற்கு முன் காற்று அதை அள்ளிக்கொண்டு போனது.

"நாளைக்கு மாட்டறேன், டுவெய்ன்."

அவன் கண்ணை மூடினான். தூங்கிவிட்டான் என்றுதான் நினைத்தாள்.

"எனக்குக் களைப்பா இருக்கு," என்றான்.

மார்லிஸ் இந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து கேட்டதில்லை. மலைச்சாலை ஏறும்போது இல்லை. ஆற்றங்கரைக் காற்று முகத்தில் அறைந்த நாட்களில் இல்லை. சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு மரத்தைப் பார்க்க வேண்டும் என்பான். ஷூ நாடா அவிழ்ந்துவிட்டது என்பான். சென்ற மாதம் கடைசியாகப் போனபோது, பெஞ்சு வரைக்கும் போக முடியாமல் முதல் பாலத்திலேயே இறங்கி, இங்கே ஆறு இன்னும் நன்றாகத் தெரிகிறது என்று சொன்னான். அவளும் ஆமாம் என்று சொன்னாள்.

டப்பாவைத் திறந்தாள்.

கிர்ஸ்டன் மாடியிலிருந்து இறங்கி வந்து, எதிரில் மண்டியிட்டுச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். டுவெய்ன் கண்ணைத் திறக்கவில்லை. மார்லிஸ் அவனைப் பார்க்காமலே, கட்டில் வரை கேட்கும்படி சொன்னாள்.

"காத்து இறக்கிட்டேன்."

கொஞ்சம் பொறுத்து, "ஒரு பக்கம் வந்துடுச்சு."

பிறகு, "திருப்பறேன். அம்பு முன்னாடி பாக்குது. கிர்ஸ்டனும் பாத்துட்டா."

"பாத்துட்டேன்ப்பா," என்றாள் கிர்ஸ்டன்.

கடைசிச் சாண் இறங்கவில்லை. மார்லிஸின் கட்டை விரல் நகம் பிளந்து ரத்தம் வந்தது. ஏப்ரனில் துடைத்துவிட்டு மறுபடி தள்ளினாள். இறங்கிய சத்தம் அறை முழுக்கக் கேட்டது. காற்று அடித்தாள். சக்கரத்தை மாட்டினாள். பெடலைப் பிடித்துச் சுற்றினாள். சக்கரம் ஆடாமல் ஓடியது. ஆணிகள் ஒரே வெள்ளிக் கோடாகத் தெரிந்தன.

டுவெய்ன் பார்த்துக்கொண்டிருந்தான். எப்போது கண்ணைத் திறந்தான் என்று தெரியவில்லை. சக்கரம் வேகம் குறைந்து, ஆணிகள் தனித்தனியாகத் தெரிந்து, நிற்கும் வரை பார்த்தான். அவன் ஏதாவது சொல்வானென்று மார்லிஸ் காத்திருந்தாள். அவன் கையைக் கம்பளியிலிருந்து கொஞ்சம் வெளியே நகர்த்தினான். அவள் கறுப்பான தன் கையை அதன்மேல் வைத்தாள். வெள்ளைப் போர்வையில் கறை ஆனது. நாலு நாள் முன்பென்றால் அவன் அதைச் சொல்லிக்காட்டியிருப்பான்.

பதினொரு மணிக்கு மேல் மூச்சு இடைவெளி விட்டு வந்தது. இடைவெளிகளில் கிர்ஸ்டன் தலை நிமிர்ந்து பார்ப்பாள்; மூச்சு வந்ததும் குனிவாள். பிறகு ஒருமுறை நிமிர்ந்தவள் குனியவில்லை.

மாய் வந்தாள். டுவெய்னின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். நேரத்தைக் குறித்துக்கொண்டாள். மார்லிஸின் பிளந்த நகத்தைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து பஞ்சும் பிளாஸ்திரியும் எடுத்து, கேட்காமலே சுற்றிவிட்டாள்.

இரண்டு மணி வாக்கில் லைல் தன் உதவியாளோடு ஸ்ட்ரெச்சரை உருட்டிக்கொண்டு வந்தார். அந்த ஊரில் இறந்தவர்களையெல்லாம் அவர்தான் கொண்டுபோவார். டுவெய்னோடு பள்ளியில் படித்தவர். வாசலில் காலணியைத் தட்டிவிட்டு உள்ளே வந்து, தொப்பியை எடுத்து, கட்டிலைப் பார்த்தார். பிறகு சைக்கிளைப் பார்த்தார். சைக்கிள் நின்றதால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஸ்ட்ரெச்சர் போக இடமில்லை. அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. வெளியே ரோடு இன்னும் வழுக்கவில்லை என்றார். ஒன்றும் அவசரமில்லை, மெதுவாகச் செய்யலாம் என்றார். தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றார்.

கிர்ஸ்டன் சைக்கிளைத் தூக்கப் போனாள்.

"இரு, நான் எடுக்கறேன்," என்றாள் மார்லிஸ்.

சட்டத்தைப் பிடித்து ஒரே வீச்சில் நிமிர்த்தினாள். செய்தித்தாள் ஒன்று கைப்பிடியில் ஒட்டிக்கொண்டு வந்து கிழிந்தது. வாசல் வரை உருட்டினாள். மரத்தரையில் ஆணிகள் இரண்டு வரிசையாகத் தடம் போட்டன. எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

வெளியே நடைபாதை வெளுத்திருந்தது. மார்லிஸ் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு புல்வெளியோரம் நின்றாள். அவனை வெளியே கொண்டுவந்தார்கள். படியில் லைல் மட்டும், பார்த்து, பார்த்து என்றார். அவள் அருகில் வந்ததும் உருட்டுவதை ஒரு நொடி நிறுத்தினார்கள். போர்வை நுனி விலகியிருந்தது. மார்லிஸ் ஒரு கையால் அதைச் சரி செய்தாள். பிறகு வேனின் பின்கதவு மூடியது.

வேன் மெல்ல ரோட்டில் இறங்கியது. கராஜ் பக்கம் போகத்தான் மார்லிஸ் சைக்கிளைத் திருப்பினாள். கால் பெடலில் இருந்தது. பிறகு இன்னொரு காலும் ஏறியது. தார் ரோட்டில் ஆணிகள், எண்ணெயில் ஏதோ பொரிவது போலச் சத்தமிட்டன. பனி மூடிய இடத்தில் சத்தம் அடங்கியது, தார் தெரிந்த இடத்தில் திரும்ப வந்தது. வேன் வேகம் கூட்டவில்லை. வலப்பக்கம் அடுத்த வீட்டுக் குப்பைத் தொட்டி காற்றில் சாய்ந்து கிடந்தது. அவள் பார்த்து ஒதுங்கினாள். தெருமுனை வந்தது.

பின்னால் வாசலிலிருந்து கிர்ஸ்டனின் குரல் கேட்டது.

"அம்மா, கோட்டுகூடப் போடாம எது வரைக்கும் போகப்போற?"