ஒரே புள்ளியில் ஆயிரத்து நூற்று நாற்பது வீடுகள்

நகராட்சி வரைபடப் பிரிவில் அவளை எல்லாரும் மேப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "மேப்பக்காவுக்குத் தன் வண்டிச் சாவிய எங்க வச்சோம்னு தெரியாது, ஊர்ல இருக்கிற சந்து பூரா தெரியும்" என்று கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். பதினாறு வருஷமாக அதே மேசை, ஜன்னலோரம், ஒரு கால் ஆடும் நாற்காலி. ஊரிலுள்ள ஒவ்வொரு முகவரியையும் வரைபடத்தில் அதற்குரிய புள்ளியோடு பொருத்தி வைப்பது அவள் பொறுப்பு. குழாய் ரிப்பேர் ஆட்கள், தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ் எல்லாரும் அவள் வைத்த புள்ளியை நம்பித்தான் கிளம்புவார்கள்.

அந்தத் திங்கட்கிழமை காலை மேலாளர் ஒரு கோப்போடு வந்து அவள் மேசைமேல் வைத்தார்.

"வெள்ளிக்கிழமை ஆம்புலன்ஸ் தப்பான வீட்டுக்குப் போயிருக்கும்மா. ஒரு கொத்தனாருக்குப் பக்கவாதம். வண்டி போய்ச் சேர இருபத்தாறு நிமிஷம் லேட். உயிர் பொழச்சுட்டாரு, ஆனா வலது கை விழுந்துடுச்சாம். நம்ம டேட்டாவுல கோளாறா, அவங்க பக்கத் தப்பான்னு பாத்து எழுதிக் குடுங்க." போகிற போக்கில் திரும்பி, "நம்ம பக்கம் ஒண்ணும் இருக்காதுன்னு நான் சொல்லிட்டேன்" என்றார்.

அவள் முதலில் அழைப்புப் பதிவைத் திறந்தாள். கொத்தனாரின் மனைவி சொன்ன முகவரி ஒரு எழுத்து பிசகாமல் பதிவாகியிருந்தது. புதுக் குடியிருப்பு, மூன்றாம் குறுக்குத் தெரு, பதினாலாம் எண். ஊரின் ஓரத்தில் மூன்று வருஷம் முன்னால் எழும்பிய குடியிருப்பு அது. அதன் தெருக்கள் இன்னும் கணினியில் ஏறவில்லை. அப்படியானால் கணினி 'கிடைக்கவில்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால், போனை எடுத்தவர் "பக்கத்துல என்ன இருக்கு, எந்த வழியா வரணும்?" என்று கேட்டிருப்பார். மாறாக, இரண்டரை கிலோமீட்டர் தள்ளி வேறொரு வீட்டுக் கூரைமேல் சிவப்புப் புள்ளி பளிச்சென்று விழுந்திருந்தது.

இதே புள்ளியில் வேறு எந்தெந்த முகவரிகள் விழுகின்றன என்று தேடிப் பார்த்தாள். கணினி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எண்ணைக் காட்டியது. ஆயிரத்து நூற்று நாற்பது.

அவளுக்குக் காரணம் என்னவென்று அந்த எண்ணைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் தெரியாதவள் மாதிரி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள்.

வீடு தெரியாவிட்டால் கணினி அந்தத் தெருவின் நடுவைக் காட்டும். தெருவும் தெரியாவிட்டால் அந்தப் பகுதிக்கே நடுவாக ஓரிடத்தைக் காட்டும். இப்படிக் குத்துமதிப்பாகச் சொல்லும் பதிலுக்குத் தானே குறைந்த மதிப்பெண்ணும் போட்டுக்கொள்ளும். மதிப்பெண் அறுபதுக்குக் கீழே போனால் பதிலைக் காட்டவே கூடாது என்று ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். இப்போது அந்த இடத்தில் அறுபது இல்லை. இருபது இருந்தது. மாற்றியவர் என்ற பத்தியில் அவளுடைய எண். பதினான்கு மாதம் முன்பான தேதி. குறிப்பு என்ற இடத்தில் அவள் கையாலேயே தட்டிய ஒரே சொல்: தற்காலிகம்.

ஆண்டு ஆய்வுக்கு இரண்டு நாள் இருந்த சமயம் அது. நூறு முகவரியில் எழுபத்தொன்றுதான் பொருந்துகிறது என்று அறிக்கை சிவப்பாக நின்றது. வரம்பைக் குறைத்ததும் தொண்ணூற்றேழு ஆனது. ஆய்வு முடிந்ததும் பழையபடி மாற்றிவிடலாம், பிறகு ஆள்விட்டுத் தெருத் தெருவாக அளந்து உண்மையாகவே சரி செய்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் கைதட்டினார்கள். சான்றிதழ் கொடுத்தார்கள். பக்கத்து ஊர் நகராட்சிகளிலிருந்து, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்க ஆள் வந்தார்கள். மேடையில் மைக் பிடித்துப் பேசியவள், மறுநாள் போய் எழுபத்தொன்று என்று எப்படிச் சொல்வாள்? புலி வாலைப் பிடித்த கதைதான்.

வரம்பை மறுபடி அறுபது ஆக்கினாள். நாலு விநாடி வேலை. பிறகு அறிக்கையை எழுதினாள். 'முகவரி முழுமையாக இல்லாததால் இடம் தோராயமாகக் காட்டப்பட்டது. களத்தில் ஓட்டுநர் தரப்பில் உறுதி செய்யப்படவில்லை.' இரண்டு வாக்கியம்தான். கோப்பில் ஓட்டுநரின் பெயர் இல்லை, பணி எண் மட்டும் இருந்தது. எண்ணுக்கு வலிக்காது என்று நினைத்தாளோ என்னவோ, ஒரே மூச்சில் எழுதி முடித்தாள்.

ராத்திரி டியூட்டி என்று மூன்று நாளாக வராத அண்ணன் அன்று சாயங்காலம் சாப்பிட வந்தார். அண்ணி இறந்து இரண்டு வருஷமாக ராத்திரிச் சாப்பாடு அவருக்குத் தங்கை வீட்டில்தான். வழக்கமாக வாசலிலேயே சத்தம் கேட்கும். அன்று செருப்பைக் கழற்றிய ஓசைகூட வரவில்லை.

"என்னண்ணா, உடம்பு சரியில்லையா?"

"ஆம்புலன்ஸ எடுக்க வேண்டாம்னுட்டாங்க பாப்பா. விசாரண முடியற வரைக்கும்."

அவள் கையிலிருந்த கரண்டி பாத்திரத்திலேயே நின்றது.

"வெள்ளிக்கிழம ஒரு கேஸு. நான்தான் எங்கயோ தவறிட்டேன் போலிருக்கு. பத்தொம்பது வருஷத்துல ஒரு கேஸுக்குக்கூட நான் லேட்டா போனதில்ல. அந்தாளு கொத்தனாரு பாப்பா. கைதான் அவருக்கு எல்லாம்."

அவளுடைய கணவர், "விடுங்க மச்சான், மேப்புல ஏதாச்சும் தப்பு இருந்திருக்கும்" என்றார்.

"சேச்சே. அது இவ போட்டது. அதுல தப்பு இருக்காது" என்று அண்ணன் தட்டை இழுத்துக்கொண்டார்.

அவள் குனிந்து பரிமாறினாள்.

மறுநாள் மதியம்வரை அந்த அறிக்கை மேலாளர் மேசையில்தான் கிடந்தது, கையெழுத்தாகாமல். அவள் இரண்டு முறை அந்த வழியாக நடந்தாள். ஒரு முறை தண்ணீர் பிடிக்க, ஒரு முறை தண்ணீர் பிடிப்பதாகச் சொல்லிக்கொண்டு. இரண்டாம் முறை போனபோது கோப்பு அங்கே இல்லை.

அதற்கப்புறமும் அண்ணன் தினமும் வந்தார். தினமும் அதே வெள்ளிக்கிழமையைத் திரும்பத் திரும்பப் பேசினார். அந்தத் திருப்பத்தில் இடது பக்கம் போயிருக்கணுமோ, வண்டியை நிறுத்தி யாரையாவது கேட்டிருக்கணுமோ என்று. அவள் 'ம்' கொட்டினாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அவள் வீட்டில் இரண்டும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டன.

ஒன்பதாம் நாள் மேலாளர் ஒரு கடிதத்தை நீட்டினார்.

"அந்த ஆம்புலன்ஸ் முதல்ல போய் நின்ன வீட்டுக்காரம்மா நேர்ல வந்து குடுத்துட்டுப் போயிருக்கு. ஏற்கெனவே மூணு தடவ எழுதியிருக்காம். நீங்களே போய்ப் பேசிச் சமாதானப்படுத்திட்டு வந்துடுங்க."

மூன்று கடிதங்களும் அவளுக்கு ஞாபகம் இருந்தன. 'என் வீட்டுக்கு யார் யாரோ வந்துகொண்டே இருக்கிறார்கள்' என்று ஒன்று. அது வந்தபோது அந்த அம்மாவின் முகவரியைத் தட்டிப் பார்த்தாள், புள்ளி சரியாக அந்த வீட்டிலேயே விழுந்தது. 'தீர்க்கப்பட்டது' என்று மூடினாள். அடுத்த இரண்டையும் தட்டிக்கூடப் பார்க்கவில்லை.

குறுகலான தெரு. முன்னறையே தையல்கடை. ஐம்பது வயதிருக்கும் பெண், கழுத்தில் அளவு நாடா, மிதிமெஷினில் ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "யாரைத் தேடி வந்தீங்க? தெருப் பேரச் சொல்லுங்க, வழி சொல்றேன்" என்றாள்.

"நான்... நகராட்சியிலேருந்து."

மெஷின் நின்றது.

"வந்துட்டீங்களா! உக்காருங்க. அந்தத் துணிய நகத்திட்டு உக்காருங்க."

தையல்காரம்மா அளவு நோட்டை எடுத்துப் பின்பக்கமாகத் திருப்பினாள். முன்பக்கமெல்லாம் மார்பளவு, தோளளவு. பின்பக்கமெல்லாம் வேறு கணக்கு. தேதி, வந்தவர் யார், யாரைத் தேடி வந்தார்கள், அந்த வீடு உண்மையில் எங்கே இருக்கிறது. அறுபத்து மூன்று வரிகள்.

"நகராட்சி மேப்ப போன்ல பாத்துட்டுத்தான் எல்லாரும் வர்றாங்க. மொதல்ல பார்சல்காரன். அப்புறம் கேஸ் சிலிண்டர். ஒருநா பொண்ணு பாக்க ஒரு குடும்பமே வந்து எறங்கிருச்சு. நானே பேரன் எடுத்துட்டேன், போங்கய்யான்னு அனுப்பி வச்சேன்" என்று சிரித்தாள். "வர்றவங்கள சும்மா தொரத்த மனசு வரல. போன் போட்டு விசாரிச்சு, வழி கேட்டு, எழுதி வச்சுக்கிட்டேன். அடுத்த தடவ அதே ஆளத் தேடி வந்தா சொல்லலாம்ல?"

மேப்பக்கா பக்கங்களைப் புரட்டினாள். புதுக் குடியிருப்பின் ஆறு குறுக்குத் தெருக்களும் அதில் இருந்தன. எங்கே திரும்புவது, எந்த முனையில் தண்ணீர்த் தொட்டி, எந்தத் தெருவுக்கு இரண்டு பெயர். அவள் பதினான்கு மாதமாகச் செய்யாத வேலையை இந்தப் பெண் தைத்த நேரம் போக மிச்ச நேரத்தில் செய்திருந்தாள்.

"அதெல்லாம் தமாஷுதான். ஆனா அந்த வெள்ளிக்கிழம..." தையல்காரம்மாவின் குரல் இறங்கியது. "ஆம்புலன்ஸ் டிரைவர் ஸ்ட்ரெச்சரோட உள்ள வந்துட்டாரு. இங்க இல்லீங்க, இது வழக்கமா வர்ற தப்பு, புதுக் குடியிருப்புக்குப் போங்கன்னு தலபாடா அடிச்சுக்கிறேன். மனுஷன் நம்பலையே! 'இல்லம்மா, இது என் தங்கச்சி போட்ட மேப்பு, தப்பாவே இருக்காது, உள்ள நல்லா பாருங்க'ன்னு ஒவ்வொரு ரூமா தேடறாரு. அஞ்சு நிமிஷம் அதுலயே போச்சு. நல்ல மனுஷன். போறப்ப அழுதுட்டாரு."

இதை அண்ணன் அவளிடம் சொல்லவேயில்லை. ஒன்பது நாளில் எத்தனையோ சொன்னார், இதை மட்டும் விட்டுவிட்டார்.

மேப்பக்கா தரையில் சிதறிக் கிடந்த நூல்துண்டுகளையே பார்த்துக்கொண்டு, "அந்தத் தங்கச்சி நான்தான்" என்றாள். "உங்க கடுதாசிய மூடினதும் நான்தான்."

தையல்காரம்மா நோட்டை மெதுவாக அவள் கையிலிருந்து வாங்கி, மடியில் வைத்துக்கொண்டாள்.

"தீர்க்கப்பட்டதுன்னு எழுதினீங்களே, என்னத்தம்மா தீத்தீங்க?"

மேப்பக்கா எழுந்து, நகர்த்திய துணியை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

அங்கிருந்து நேரே அலுவலகம் போனாள். பழைய அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக எழுதி, வரம்பு, தேதி, தன் எண், 'தற்காலிகம்' எல்லாவற்றையும் வைத்துப் புதியதை மேலாளரிடம் கொடுத்தாள். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத நான் பாக்கலைன்னு வச்சுக்கலாம்மா. நல்லா யோசிங்க. டிரைவருக்கு எப்படியும் ஒரு எச்சரிக்கையோட முடிஞ்சிரும்."

"அந்த டிரைவர் என் அண்ணன் சார்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான பதில் என்று உறைத்தது. அண்ணனாக இல்லாவிட்டால்? "அவரு யாரா இருந்தாலும் சார்" என்று சேர்த்துக்கொண்டாள். அது அவளுக்கே பொய்யாகத்தான் கேட்டது.

அன்று அண்ணன் வரும்வரை காத்திருக்கவில்லை. அவர் வீட்டுக்கே போனாள். துணி மடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சட்டையின் ஒரு கையை மட்டும் மடித்தபடி கேட்டார். கோபம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"திங்கட்கிழம காலையில."

"நான் வந்து சொன்ன அன்னிக்கா?"

"ம்."

"அப்ப ஒம்போது நாளு." விரலை மடக்கி எண்ணினார். "தப்பு யாரும் பண்றதுதான் பாப்பா. நானும் பண்ணியிருக்கேன். ஆனா ஒம்போது நாளு என் எதிர்ல உக்காந்து, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோண்ணான்னு பரிமாறினியே. உனக்கு எப்படி முடிஞ்சுது?"

அவள் அழுதாள். அவர் சமாதானம் சொல்லவில்லை. துணியை மடித்து முடித்துவிட்டு, "வீட்டுக்குப் போ. இருட்டுறதுக்குள்ள போ" என்றார்.

அடுத்த வாரமே அண்ணன் வண்டியில் ஏறினார். மேப்பக்காவின் சான்றிதழைத் திரும்பக் கேட்டார்கள். சம்பள உயர்வை நிறுத்தினார்கள். அவளுக்குக் கீழே வேலை பழகிய பெண் அவளுடைய பொறுப்புக்கு வந்தாள், மேப்பக்கா முகவரி பதியும் வேலைக்கு இறங்கினாள். அறிக்கையில் பொருத்தம் எழுபத்து மூன்று என்று வந்தது. யாரும் அவள் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. ஆனால் மேப்பக்கா என்று கூப்பிடுவது நின்றுபோயிற்று. எல்லாரும் மரியாதையாக மேடம் என்றார்கள்.

கொத்தனார் வீட்டுக்கும் போனாள். அவர் மனைவி கதவைப் பாதி திறந்து, வந்த காரணத்தைக் கேட்டுக்கொண்டு, "அவரு தூங்கறாரு" என்றாள். உள்ளே அவர் இடது கையால் தம்ளரைத் தேடுவது தெரிந்தது. கதவு மூடியது. மறுபடி வரலாமா என்று கேட்க அவளுக்குத் தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தையல்காரம்மாவின் முன்னறையில் உட்கார்ந்து நோட்டிலிருந்து ஒவ்வொரு வரியாகப் பதிந்தாள். பிறகு தெருவுக்கே போய் நின்று சரிபார்த்தாள். தையல்காரம்மா மெஷினை மிதித்தபடியே, "அது ரெண்டாவது சந்து இல்ல, மூணாவது" என்று அதட்டுவாள். தேநீர் கொடுத்தாள். மன்னித்ததாக ஒருநாளும் சொல்லவில்லை.

அண்ணன் சாப்பிட வருவதில்லை. அவர் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் கணவர் அதை அலமாரியில் மேல்தட்டில் வைத்தார்.

நாலு மாதம் கழித்து ஒரு மதியம் பிரிவின் பொதுத் தொலைபேசி அடித்தது. அவள்தான் எடுத்து ஹலோ என்றாள்.

"மேப் செக்ஷனா? ஆம்புலன்ஸ் ஏழுலேருந்து பேசறேன்."

அவளுக்குக் குரல் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும். அவள் பேனாவை எடுத்தாள்.

"ஆலைத் தெருவுல நாப்பத்திரெண்டாம் நம்பர் சாலைக்கு அந்தப் பக்கம் காட்டுது. வீடு இந்தப் பக்கம் இருக்கு. நடுவுல தடுப்புச் சுவரு. சுத்தி வர ஆறு நிமிஷம் ஆகுது."

"எழுதிக்கிட்டேன்" என்றாள். "இன்னிக்கே நேர்ல போய்ப் பாத்துடறேன்."

"பாத்துட்டுப் போடுங்க" என்றார் அண்ணன்.

வாழ்க்கையில் முதல் முறையாக அவளை 'ங்க' போட்டுப் பேசினார். அவள் ரிசீவரை வைத்துவிட்டு, பையில் குடையையும் அளவு நாடாவையும் போட்டுக்கொண்டு, ஆலைத் தெருவுக்குக் கிளம்பினாள்.