ஆறமுன் சாப்பிடுங்கோ

“மிளகாய் கருகுது, பிள்ளை. இறக்கு.”

முன்னறைக் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்த சண்முகராசாதான் சொன்னார். குசினியில் நின்ற மகள் கௌசி சட்டியைத் தூக்கிப் பார்த்தாள். உண்மைதான், ஒரு மிளகாய் கறுத்துப்போயிருந்தது. தண்ணீர்கூட இறங்காமல் கிடக்கிற மனிதருக்கு மூக்கு மட்டும் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

லண்டனுக்கு வந்த நாளிலிருந்து மெக்சிக்கன் ரெஸ்டோரன்ட் ஒன்றின் குசினியிலேயே நின்றவர் அவர். ஞாயிறு காலையில் வீட்டிலும் அதே சமையல்தான். சோள ரொட்டியை முக்கோணமாக வெட்டிப் பொரித்து, தக்காளியும் காய்ந்த மிளகாயும் அரைத்த சாற்றில் பிரட்டி, மேலே முட்டை. அதற்குப் பெயர் சிலக்கீலேஸ். மனைவி நகுலேஸ்வரி ஒருநாளும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. “ரொட்டியை வெட்டிப் பிரட்டினா அது கொத்து ரொட்டிதானே” என்பாள். “மெக்சிக்கோக்காரன் கேட்டா வழக்குப் போடுவானப்பா” என்று அவர் சிரிப்பார்.

இனி மணிக்கணக்குத்தான் என்று நேர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். விடிய எழும்பியவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். பிள்ளைகள் இரண்டு பேரும் தனக்குப் பக்கத்தில் இருந்து அந்தச் சாப்பாட்டைச் சாப்பிடவேண்டும். “எனக்கு அது காணும், வேறொண்டும் வேண்டாம்.”

கௌசி தொலைபேசியில் கூப்பிட, தம்பி மிதுலன் ஷிப்ட் முடிந்த கையோடு லூயிஷாமிலிருந்து ஓடிவந்திருந்தான். சாப்பாடு என்றதும் முகத்தைத் திருப்பினான்.

“எனக்கு இறங்காது அக்கா.”

“எனக்கு மட்டும் இறங்குமே? வாயை மூடிக்கொண்டு தின்னு.”

“வாயை மூடிக்கொண்டு எப்பிடித் தின்னுறது?”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, இந்த நேரத்தில் சிரித்தோமே என்று பயமாக இருந்தது.

“அப்பா, சாறு கொதிக்குது!” என்று கௌசி குரல் கொடுத்தாள்.

“உப்பு?”

“காணும்.”

“ரொட்டியைப் போட்டவுடன சாப்பிட்டிட வேணும். ஆறினா களிதான்.”

ரொட்டியைக் கொட்டிப் பிரட்டினாள். முட்டை பொரித்தாள். முன்னறையிலிருந்து வேறு குறை எதுவும் வரவில்லை. பரவாயில்லை, சரியாகத்தான் செய்கிறேன் போல என்று நினைத்துக்கொண்டாள்.

தட்டுகளோடு போனபோது மிதுலன் கட்டிலில் முதுகைச் சாய்த்து நிலத்தில் இருந்தான். அம்மா தலைமாட்டில் இருந்தாள். அவளுடைய கை அப்பாவின் கண்களை மூடியபடி கிடந்தது.

“அப்பா நித்திரையே?”

“இரு. சாப்பிடு.”

“எழுப்பட்டே அம்மா, அவர் பாக்கவேணுமெண்டவர்...”

“சாப்பிடு எண்டெல்லோ சொன்னனான்!”

கௌசி போர்வையைப் பார்த்தாள். நெஞ்சின் மேல் அது அசையவில்லை. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மா மெதுவாகத் தலையாட்டினாள்.

வாயால் சொன்னால் அந்த நிமிடமே இது செத்தவீடு. செத்தவீட்டில் சமைத்தது செல்லாது, சட்டியோடு கொட்டவேண்டும். பிறகு உடல் எரிகிறவரை இந்த அடுப்பு எரியாது. லண்டனில் அதற்குக் கிழமைக்கணக்காகும். மாமிமாரின் வீட்டுச் சோறுதான் வரும். அம்மா இன்னும் சொல்லவில்லை.

வீடு அதிரக் கத்தவேண்டும்போல் இருந்தது கௌசிக்கு. ஐயோ அப்பா என்று அந்தக் கால்களைக் கட்டிப் பிடிக்கவேண்டும்போல் இருந்தது. தம்பிக்குப் பக்கத்தில் இருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள். மென்றாள்.

மிதுலனுக்கு, இறங்காது என்ற சாப்பாடு இறங்கத் தொடங்கியிருந்தது. “அக்கா, அப்பான்ர கைப்பக்குவம் அப்பிடியே வந்திருக்கு.”

“அதை அப்பாட்டைச் சொல்லு” என்றாள் அம்மா.

அவன் திரும்பாமலே, வாய் நிறைய வைத்துக்கொண்டு உரக்கச் சொன்னான். “நல்லாயிருக்கு, அப்பா!”

அம்மா எட்டி அவனுடைய தட்டைப் பார்த்தாள்.

“அந்தக் கரையில கிடக்கிறதையும் வழிச்சுச் சாப்பிடு, ராசா.”

அவன் வழித்துச் சாப்பிட்டான். அவன் தட்டைக் கீழே வைக்கும்வரை அவள் அப்பாவின் கண்களிலிருந்து கையை எடுக்கவில்லை.